தியோ அங்கிளின் கோப்பி

கேட்டில் புதிதாகத் தொங்கிய பூட்டைத் தியோ அங்கிள் உள்ளங்கையில் ஏந்தி, எடை பார்ப்பவர் போல ஆட்டிப் பார்த்தார்.

“மிஸி, இது என்ன?”

“பூட்டு, அங்கிள்,” என்றாள் ரொஸ்னானி.

“பூட்டுன்னு தெரியுது. எதுக்கு?”

“உங்க பாதுகாப்புக்கு.”

“எனக்குப் பாதுகாப்பு வேணாம். கோப்பி வேணும். தொற.”

ரொஸ்னானி திறக்கவில்லை. சாவி அவள் பையில் இருந்தது. அது அங்கே இருப்பது அவருக்கும் தெரிந்தது. பையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, கைத்தடியைத் தட்டிக்கொண்டு உள்ளே போனார்.

தைப்பிங்கில் அந்த முதியோர் இல்லத்துக்கு ரொஸ்னானிதான் மேட்ரன். தியோ ஹாக் செங் அங்கே வருவதற்கு முன், ஒரு காலத்தில், பட்டர்வொர்த் வரைக்கும் பஸ் ஓட்டியவர். அதிகம் பேச மாட்டார். தினமும் காலைக் கஞ்சி குடித்ததும் தலையை வாரிக்கொள்வார். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போடுவார். “கோப்பிக்குப் போறேன்” என்று சொல்லிவிட்டுக் கைத்தடியோடு ரோட்டைக் கடந்து எதிரில் இருக்கும் ஆ ஹெங் கடைக்குப் போவார். அந்தக் காலத்துப் பஸ்கள் எல்லாம் அந்தக் கடைவாசலில் நின்றுதான் போகும். அரைமணி நேரம் கழித்துத் திரும்புவார். திரும்பும்போது முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். மற்றவர்களோடு கூட இரண்டு வார்த்தை பேசுவார்.

ஒரு கோப்பி மனிதனுக்கு இவ்வளவு செய்யுமா என்று ரொஸ்னானி வியந்ததுண்டு. போய்ப் பார்த்ததில்லை. ஆ ஹெங் கடைவாசலில் காலையிலேயே பன்றி இறைச்சி வறுபடத் தொடங்கிவிடும். அந்த வாசனை ரோட்டைத் தாண்டி இல்லத்தின் கேட் வரை வரும். தலையில் முக்காடு போட்டவளுக்கு அந்த வாசலைத் தாண்ட என்ன அவசியம்?

பிரச்சினை முந்தைய நாள் வந்தது. ரோட்டின் நடுவில் கால் தடுமாறி நின்ற தியோ, எதிரே வந்த சிமெண்ட் லாரியைப் பார்த்து, பழைய பழக்கத்தில் ஒற்றைக் கையைத் தூக்கி ‘நில்’ என்றார். லாரி நின்றது. அதன் பின்னால் தைப்பிங்கே நின்றது. யாரோ கைப்பேசியில் படம் பிடித்து, ‘இது யாருடைய அப்பா?’ என்று எழுதி ஊரின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டார்கள்.

ஆஸ்திரேலியாவிலிருந்து மகள் சியூ பிங் கூப்பிட்டாள்.

“என்னோட அப்பாதான் மேட்ரன். ரெண்டாயிரம் பேர் சிரிச்ச பிறகு எனக்குத் தெரியவருது. பத்திரமா இருக்கட்டும்னு உங்ககிட்ட விட்டா, நடுரோட்டுல டிராபிக் போலீஸ் வேலையா கொடுத்திருக்கீங்க?”

“இல்ல மிஸ் தியோ, அவர் ஆசைப்பட்டு...”

“ஆசையா முக்கியம்? விழுந்தா யார் பொறுப்பு?”

விழுந்தால் யார் பொறுப்பு என்பது ரொஸ்னானிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போன வருடம் மேரி ஆண்ட்டி கழிவறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வழுக்கி விழுந்தார். தீயணைப்புக்காரர்கள் வந்து கதவை உடைத்தார்கள். மேரி ஆண்ட்டி ஆஸ்பத்திரிக்குப் போனார், திரும்பவில்லை. விசாரிக்க வந்த அதிகாரி, இன்னொரு தடவை இப்படி நடந்தால் இல்லத்தை மூட வேண்டியிருக்கும் என்றார். ரொஸ்னானி மறுநாளே ஸ்க்ரூடிரைவரோடு தானே இறங்கினாள். தாழ்ப்பாள்களைக் கழற்றினாள். தரைக்கு ரப்பர் விரிப்பு, சுவருக்குக் கைப்பிடி, யார் உள்ளே போனாலும் கதவருகே ஒரு பணிப்பெண். இனி என் கையில் ஒருவரும் விழக்கூடாது என்று அன்று முடிவு செய்தாள்.

அதற்காக யாரும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. தியோ விழவும் கூடாது, வாடவும் கூடாது. ஒரு கோப்பிதானே. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பதை இந்தப் பக்கம் கொண்டுவர முடியாதா என்ன?

அன்றைக்கே பொட்டலத்தைக் கிழித்துக் கொட்டிக் கலக்கும் கோப்பி ஒரு கோப்பை அவர் முன்னால் வைக்கப்பட்டது. தியோ அதைப் பார்த்தார்.

“இது என்ன?”

“கோப்பி, அங்கிள்.”

“இது இல்ல. கோப்பி. அங்க.”

“இதும் அதே மாதிரிதான் இருக்கும். குடிச்சுப் பாருங்க.”

அவர் எழுந்து கேட்டுக்குப் போனார். பூட்டை ஒருமுறை ஆட்டிவிட்டு வந்து படுத்துக்கொண்டார்.

“பொட்டலக் கோப்பி இபு, நாக்கு கண்டுபிடிச்சிடும்,” என்றாள் சுமியாத்தி. இந்தோனேசியாவின் கெடிரியிலிருந்து வந்த பணிப்பெண். மேட்ரனை ‘இபு’, அதாவது அம்மா, என்றுதான் கூப்பிடுவாள். மூன்று பிள்ளைகளைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு இங்கே யார் யாருடைய அம்மாக்களையோ குளிப்பாட்டுகிறவள். “அந்தக் கடைக் கோப்பியையே வாங்கிக் குடுத்துடலாம்.”

மறுநாள் சுமியாத்தி ஆ ஹெங் கடைவாசலில் நின்றபடியே குரல் கொடுத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, உறிஞ்சுகுழல் செருகிய கோப்பியை வாங்கி வந்தாள். ஆ ஹெங், யாருக்கு என்று கேட்டாராம். தியோ அங்கிளுக்கு என்றதும் ஒரு மாதிரி பார்த்தாராம்.

தியோவும் அப்படித்தான் பார்த்தார். பையை விரலில் தொங்கவிட்டுக்கொண்டு கேட்டார்:

“இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?”

“குடிங்க அங்கிள். ஆ ஹெங் கடையிலேருந்துதான்.”

“அவனுக்கும் பைத்தியமா?”

ஜன்னலோரம் இருந்த செடித்தொட்டிக்கு அந்தக் கோப்பி போனது. அடுத்தடுத்த நாட்களின் கோப்பியும் போனது. செடிக்குப் பிடித்திருந்தது போல, நன்றாகத் தழைத்தது. தியோ வாடினார். வயிறு உப்பிக்கொண்டது. கஞ்சியைப் பாதியில் தள்ளினார். பணிப்பெண்கள் கையைப் பிடித்துக் கழிவறைக்கு அழைத்துப் போனால், வாசல் வரை வந்து சண்டை போட்டுவிட்டுத் திரும்பினார்.

வாராவாரம் வரும் டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

“கோப்பி குடிச்சுப் பழகின ஒடம்பு, மேட்ரன். குடலைத் தள்ளிவிடறதே அந்தக் கோப்பிதான். திடீர்னு நிறுத்தினா எல்லாம் நின்னுடும்.”

“குடுக்கிறோம் டாக்டர். குடிக்க மாட்டேங்குறார்.”

“குடிக்கிற மாதிரி குடுங்க. நல்லா ஸ்ட்ராங்கா.”

இதற்குப் பிறகு ரொஸ்னானிக்குக் கோப்பி ஒரு மருத்துவக் கடமையாகிவிட்டது. தியோவின் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டாள்.

“அங்கிள், அங்க என்ன இருக்கு, இங்க என்ன இல்ல? சொல்லுங்க, நான் செஞ்சு தர்றேன்.”

தியோ அவளைப் பார்த்தார். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த சுமியாத்தியைப் பார்த்தார். கழுத்துப் பொத்தானைத் தடவினார். சொல்லலாமா என்று யோசிப்பவர் போலத் தெரிந்தது.

“கதவு,” என்றார் கடைசியில்.

“கதவா?”

“அங்க கதவு சரியா இருக்கும்.”

“கடைக்கு ஏது கதவு அங்கிள்? காலையில எடுத்து அடுக்கி வெக்கிற பலகைதானே?”

தியோ பெருமூச்சு விட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நினைவு குழம்பத் தொடங்கிவிட்டது என்று ரொஸ்னானி டாக்டருக்குச் சொல்லி அனுப்பினாள்.

ஆனாலும் அவள் விடவில்லை. கடையின் தோற்றம்தான் அவருக்குத் தேவை என்று அவளுக்குப் பட்டது. ஆ ஹெங்கிடம் ஆள் அனுப்பிப் பளிங்கு மேசை ஒன்று இரவல் கேட்டாள். பழைய மேசை ஒன்றை அவர் கேட் வரைக்கும் தூக்கி வரச் செய்தார். கோப்பைகளை மட்டும் ரொஸ்னானி புதிதாக வாங்கினாள். பன்றி இறைச்சி புழங்கும் அந்தக் கடைக் கோப்பையை இல்லத்துச் சமையலறையில் வைக்க முடியாது. பச்சைப் பூப்போட்ட, தடித்த பீங்கான் கோப்பைகள். துணி வடிகட்டியும், வறுத்து அரைத்த தூளும், கட்டிப்பாலும் வந்து சேர்ந்தன. முன்கூடத்தில் நான்கு மர நாற்காலிகள் போட்டு, சுவரில் ஒரு பழைய நாட்காட்டியை மாட்டினாள். தூரத்திலிருந்து பார்த்தால் கோப்பிக்கடை. கிட்டத்தில் வந்தால் டெட்டால் வாசனை.

“அங்கிள், வாங்க! கடை தொறந்தாச்சு!”

தியோ வந்து மேசையைத் தொட்டுப் பார்த்தார். சுற்றுமுற்றும் தேடினார். நாட்காட்டிக்குப் பின்னால் கூட எட்டிப் பார்த்தார்.

“கோப்பி எங்க?”

“இதோ!”

கறுப்பாக ஆவி பறந்த கோப்பையை அவர் எதிரில் இருந்த குவான் ஆண்ட்டி பக்கம் நகர்த்தினார். சர்க்கரை வியாதிக்காரியான குவான் ஆண்ட்டி மறுப்பு எதுவும் சொல்லவில்லை. தொடர்ந்து எட்டு வருடம் இல்லத்துத் தண்ணிக் கோப்பியைக் குடித்தவர் அவர். கட்டிப்பால் டப்பாவைத் தானே திறந்துகொண்டார். வாசனை பிடித்து ஜோசப் சார் வந்தார். படுத்தே இருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்தார்கள். இத்தனை பேருக்கு நடக்க வரும் என்று ரொஸ்னானிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவளுக்குக் கண் நிறைந்தது.

கொஞ்ச நேரத்தில் கோப்பி தன் வேலையைக் காட்டியது. குடித்த அத்தனை பேரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். கழிவறை இரண்டு. அன்றைக்கு வேலைக்கு வந்திருந்த பணிப்பெண்கள் மூன்று பேர். வராந்தா ஹரி ராயாப் பெருநாள் நேரத்துப் பஸ் நிலையம் போல ஆனது.

“கதவைச் சாத்தாதீங்க ஆண்ட்டி!”

“சாத்தாம எப்படிடி போறது?”

“நான் பாக்க மாட்டேன், ஆண்ட்டி.”

“பாக்காதவ எதுக்கு இங்க நிக்கிற?”

“விழுந்துட்டா பிடிக்கணும்ல?”

“ஒழுங்கா உக்காரவே விடல, இதுல விழறதுக்கு எங்க நேரம்?”

“சீக்கிரம் வாங்க ஆண்ட்டி,” என்று பின்னாலிருந்து ஜோசப் சார் கெஞ்சினார். ஆங்கிலப் பாடம் நடத்திய காலத்தில் யாரிடமும் கெஞ்சியிராதவர்.

தியோ சுவரில் சாய்ந்து நின்று அந்த வரிசையைப் பார்த்தார். திறந்த கதவைப் பார்த்தார். கதவருகே நின்ற பணிப்பெண்ணைப் பார்த்தார்.

“இந்தக் கோப்பி யாருக்கு வேணும்?” என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

மாலையில் குவான் ஆண்ட்டிக்குச் சர்க்கரை ஏறி மயக்கம் வந்தது. கோப்பிக்கடை அன்றோடு மூடப்பட்டது. நாட்காட்டி மட்டும் சுவரில் இருந்தது.

ரொஸ்னானி அதற்குப் பிறகுதான் துணிந்தாள். சியூ பிங்கிடம் பேசி அனுமதி வாங்கினாள். தியோவைச் சக்கர நாற்காலியில் வைத்து, சுமியாத்தி கூடப் போய், ஆ ஹெங் கடையிலேயே கோப்பி குடிக்க வைத்துக் கூட்டி வர வேண்டும். ஒரே நிபந்தனை.

“ஒரு நிமிஷம்கூட அவரைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. அவர் எந்திரிச்சா நீயும் எந்திரிக்கணும். புரியுதா?”

“புரியுது இபு.”

தியோ அன்று தலையை இரண்டு தடவை வாரினார். கேட் திறந்ததும் அவர் முகம் மலர்ந்ததை ரொஸ்னானி பார்த்தாள். கடைசியில் சரியாகச் செய்துவிட்டோம் என்று நினைத்தாள்.

போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். தியோ கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் கிடந்தார்.

“என்ன ஆச்சு?”

“ஒண்ணும் புரியல இபு. கோப்பி வந்துச்சு. தொடவே இல்ல. எந்திரிச்சு நடந்தாரு. நானும் கூடவே நடந்தேன். திரும்பி என்னைப் பாத்தாரு. வந்து உக்காந்துட்டாரு. மறுபடி எந்திரிச்சாரு. நானும் எந்திரிச்சேன்.”

“சரியாத்தான் செஞ்சிருக்க.”

“‘எங்க அங்கிள் போறீங்க?’ன்னு கேட்டேன். ‘கோப்பி’ங்குறாரு. ‘கோப்பி இங்க மேசையில இருக்கு, நீங்க எங்க போறீங்க?’ன்னேன். சீனத்துல என்னமோ திட்டினாரு. கடையில எல்லாரும் சிரிச்சாங்க.”

“திட்டினது என்னன்னு கேட்டியா?”

“கேட்டேன். கடைக்காரரு சொல்ல மாட்டேன்னுட்டாரு.”

அன்று மாலை சியூ பிங் திரையில் அப்பாவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

“கோப்பி முன்னாடியே இருந்தும் கோப்பின்னு தெரியலன்னா, அவ்வளவுதான் மேட்ரன். என் மாமியாருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. இனிமே வெளிய விடாதீங்க.”

ரொஸ்னானி தலையாட்டினாள். அவளுக்கும் களைப்பாக இருந்தது.

அடுத்த வாரம் சமையல் எரிவாயு உருளை கொண்டுவந்த லாரிக்காகக் கேட் திறந்தது. உருளைகளை எண்ணிக்கொண்டிருந்த யாரும் தியோவைக் கவனிக்கவில்லை. தலை வாரவில்லை, பொத்தான் போடவில்லை, கைத்தடிகூட இல்லை. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸைத் தவறவிட்டவர் போல ஓடினார். கேட்டின் இரும்புத் தண்டவாளம் காலில் இடறியது.

அவரைத் தூக்கியபோது கால்சட்டை முழுக்க அசிங்கமாகியிருந்தது. சுமியாத்தி, “பரவால்ல அங்கிள், பரவால்ல,” என்றாள். தியோ இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். ஆஸ்பத்திரி வரைக்கும் எடுக்கவில்லை.

எலும்பு எதுவும் உடையவில்லை. ஆனால் நடந்த கால் படுத்துவிட்டது. கட்டிலின் இருபுறமும் கம்பித் தடுப்பு போட்டார்கள். டயப்பர் கட்டினார்கள். முதல் சில நாள் பணிப்பெண் மாற்ற வரும்போதெல்லாம் கையைத் தட்டிவிட்டார். பிறகு தட்டவில்லை. கண்ணை மூடிக்கொள்வார். முடியும் வரை திறக்க மாட்டார்.

கோப்பி என்ற வார்த்தையே அவர் வாயிலிருந்து போய்விட்டது.

சோதனைக்கு வந்த அதிகாரி கைப்பிடிகளையும் ரப்பர் விரிப்புகளையும் பார்த்துப் பாராட்டினார். தியோவின் கட்டிலருகே நின்று, “இவர்தானே லாரியை நிறுத்தினவர்? எப்படி இருக்கார்?” என்றார்.

“இப்ப தொந்தரவே இல்ல,” என்றாள் சுமியாத்தி.

நல்லபடியாகச் சொன்னதுதான். ஆனால் ரொஸ்னானிக்கு அந்த வாக்கியம் நாள் முழுக்கக் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

இரவல் மேசையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. தோட்டக்காரர் அதைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு முன்னால் போக, நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று ரொஸ்னானியும் கூடப் போனாள். வாசலிலேயே நின்று சொல்லிவிட நினைத்தாள். தைப்பிங் மழை விடவில்லை. சாரல் இரண்டு பக்கமும் அடிக்க, முக்காட்டைப் பிடித்துக்கொண்டு முதன்முறையாக அந்த வாசலைத் தாண்டி உள்ளே போனாள்.

கடை அவள் நினைத்ததைவிடச் சின்னது. நான்கைந்து மேசை. ஒரு கரியடுப்பு. பின்னால் ஒரு இருட்டு நடை, அதன் கடைசியில் நீலச் சாயம் அடித்த ஒரு பலகைக் கதவு. அவ்வளவுதான். இதைத்தான் இவ்வளவு செலவு செய்து கட்டப் பார்த்தோமா என்று இருந்தது.

“தியோ அண்ணன் எப்படி இருக்காரு மேட்ரன்?” என்று கேட்டார் ஆ ஹெங், கோப்பையைத் துடைத்துக்கொண்டே.

“அமைதியா இருக்கார். இப்பல்லாம் கோப்பியே கேக்குறதில்ல.”

ஆ ஹெங்கின் கை நின்றது. “கேக்குறதே இல்லையா? எத்தனை நாளா? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

“அதுக்கு எதுக்கு டாக்டர்?”

“என்ன இப்படிக் கேக்குறீங்க? ஒடம்பு என்னத்துக்கு ஆகும்?”

இந்த மனிதருக்குத் தன் கோப்பியின் மேல் எவ்வளவு கர்வம் என்று ரொஸ்னானி நினைத்தாள். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“உண்மையச் சொல்லுங்க தவுக்கே, உங்க கோப்பியில அப்படி என்னதான் போடுறீங்க? தூள் மாத்திப் பாத்தோம், கோப்பை மாத்திப் பாத்தோம், உங்க மேசையவே கொண்டுபோய் வெச்சோம். ஒரு வாய்கூட அவர் குடிக்கல.”

“என் கோப்பியா?” ஆ ஹெங் விழித்தார். “அவரு என் கோப்பியக் குடிச்சதே இல்லையே. நெஞ்சு படபடக்கும்னு சுடுதண்ணிதான் கேப்பாரு. அதையும் பாதி வெச்சிட்டுப் போயிடுவாரு.”

“அப்ப தினமும் கோப்பி, கோப்பின்னு அடிச்சுக்கிட்டு வந்தது?”

ஆ ஹெங் அவளைப் பார்த்தார். அவள் முக்காட்டைப் பார்த்தார். காது சிவந்துபோய், துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, பின்னால் இருந்த நீலக் கதவுப் பக்கம் முகவாயை நீட்டிக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“பஸ் டிரைவருங்க பொம்பளைங்க முன்னாடி கக்கூஸுன்னு சொல்ல மாட்டாங்க மேட்ரன், கோப்பின்னுதான் சொல்லுவாங்க. எங்க கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்குல்ல.”